டெய்சி அக்காவின் மீன்கள்

நாகல் நகரில் டெய்சி அக்காவின் கடைக்கு இரண்டு பெயர்கள். பலகையில் எழுதியிருப்பது 'ஸ்டான்லி கம்ப்யூட்டர்ஸ்'. ஊர் சொல்வது 'மீன் கடை'. முதல் தடவை வருகிறவர்கள் ஆட்டோக்காரரிடம் மீன் கடை என்று சொல்லி, வஞ்சிரம் வெட்டும் இடத்தில் போய் இறங்கிய கதைகள் உண்டு.

ஸ்டான்லி அண்ணன் மினி பஸ் ஓட்டுகிறார். கம்ப்யூட்டருக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. "பேரு எனக்கு, வேலை அவளுக்கு. கல்யாணத்தப்பவே பேசுனது" என்பார். அக்கா பள்ளி முடித்த கையோடு டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்து தமிழில் ஹையர் தேறியவர். தட்டச்சு இயந்திரங்கள் போய் கம்ப்யூட்டர் வந்தபோது, விரல்கள் அதே இடத்தில் இருந்தன. பெட்டி மட்டும் மாறியது. மனு, பயோடேட்டா, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அடிப்பார். திண்டுக்கல்லில் பாதிப் பேருடைய வீட்டு விஷயம் அவருக்குத் தெரியும். வாயைத் திறக்க மாட்டார்.

வாய்தான் திறக்காது. திரை திறந்து கிடந்தது. அதுதான் சிக்கல்.

கடை நீளவாக்கில் ஒற்றை அறை. காத்திருப்பவர்களுக்கான பெஞ்சு, அக்காவின் முதுகுக்கு நேர் பின்னால். பெஞ்சில் உட்கார்ந்தவர் யாரானாலும் திரையைப் படிப்பார். சும்மா படிப்பதோடு விடமாட்டார். "டெய்சிம்மா, 'விண்ணப்பம்'ல ரெண்டு சுழி 'ன' போட்டிருக்க" என்று திருத்தம் வேறு சொல்வார். ஒருநாள் பாத்திமா டீச்சர் வேறு ஊருக்கு மாறுதல் கேட்டு மனு அடிக்க வந்தார். புகுந்த வீட்டில் அவர் இன்னும் சொல்லவில்லை. பெஞ்சில் யாரோ இருந்தார்கள். டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மாமியார் வாசலில் நின்று "எந்த ஊருக்கும்மா போறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

டீச்சர் திரும்பக் கடைக்கு வந்தார். சண்டை போடவில்லை.

"நீ சொல்லியிருக்க மாட்டன்னு எனக்குத் தெரியும் டெய்சி. உன் பெட்டி சொல்லிருச்சு."

அன்றைக்கு அக்கா மதியம் சாப்பிடவில்லை என்று ஸ்டான்லி அண்ணன் சொல்வார். மறுநாள் கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தார். பெஞ்சை நகர்த்த இடமில்லை. ஆகவே திரைக்குப் பூட்டு போட்டார். செத்த நேரம் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தால் மீன்கள் வந்துவிடும். அவசரம் என்றால், யாராவது பின்னால் வந்து உட்கார்ந்தால், ஓரத்தில் ஒரு சின்னப் படம் இருக்கிறது, அதைத் தொட்டால் உடனே வரும். நீலத் தண்ணீர், கீழே கூழாங்கல், ஆரஞ்சு மீன், வரி மீன், கறுப்பு வாலை விசிறிக்கொண்டு போகும் ஒரு மீன், மேலே போகும் குமிழிகள். பாஸ்வேர்டு அடித்தால்தான் அது விலகும்.

பாஸ்வேர்டை யாரும் கண்டுபிடித்ததில்லை. ஸ்டான்லி அண்ணன் பிள்ளைகள் பெயர், மாதா பெயர், தன் பெயர் எல்லாம் போட்டுப் பார்த்துத் தோற்றார். "எம் பேருகூட இல்லயேடி" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாராம். அக்கா மனதில் ஒரு தமிழ்ச் சொல்லை நினைத்துக்கொண்டு, பழைய தட்டச்சு இயந்திரத்தில் அந்த எழுத்துகள் எங்கே இருக்குமோ அந்தக் கட்டைகளை அடிப்பார். பெட்டிக்குள் போவது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது.

முதலில் ஆட்கள் முணுமுணுத்தார்கள். வேலையை விட்டுவிட்டு டிவி பார்க்கிறாள் என்றார்கள். பிறகு அவர்களே மீன் பார்க்கப் பழகிவிட்டார்கள்.

நான் கடை இருக்கும் வீட்டின் மாடியில் குடியிருக்கிறேன். நாலைந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்தவளுக்கு வீட்டுக்குள் உட்கார்ந்தால் கால் நமநமவென்று இருக்கும். கீழே இறங்கி அக்காவுக்கு லேமினேஷன் போட்டுக் கொடுப்பேன். அதனால்தான் அந்த மதியம் அங்கே இருந்தேன்.

தமிழ்மதி சாணார்பட்டிப் பக்கத்துப் பெண். லேப் டெக்னீஷியன் படித்தவள். ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. வருகிறேன் என்று மெயில் அனுப்ப வேண்டும். சான்றிதழ்களை அக்கா ஸ்கேன் செய்துகொண்டிருக்கையில் அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே பேசினாள்.

"வீட்ல தெரியாதுக்கா. வர்ற வெள்ளிக்கிழமை எனக்கு நிச்சயம். மாமா மகன் அழகுராஜா. அப்பா வாக்குக் குடுத்துட்டாரு. நான் வேணாம்னு சொன்னா அவரு மாமா மொகத்துல எப்படி முழிப்பாரு? ஆனா இதையும் விட முடியலக்கா."

"அப்பாட்ட கேட்டுப் பாத்தியா?"

"அவரு பிளக்ஸ் அடிக்கவே குடுத்துட்டாராமே. உங்ககிட்டதான் குடுத்தாராம்."

அக்கா அடுத்த சான்றிதழை எடுத்து ஸ்கேனரில் வைத்தார். அந்த பிளக்ஸ் அதே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. இவளுடைய படமும் மாப்பிள்ளை படமும் போட்டு, சுற்றி ரோஜாப்பூ வைத்து, அச்சுக்குப் போகத் தயாராக.

மெயில் பாதி அடித்திருக்கையில் பாஸ்போர்ட் அளவுப் படம் வேண்டும் என்று தெரிந்தது. தமிழ்மதி எதிர்ச் சாரியில் இருந்த ஸ்டுடியோவுக்கு ஓடினாள். அக்கா சின்னப் படத்தைத் தொட்டார். மீன்கள் வந்தன.

அவள் போன கையோடு கடைக்குள் வந்தவர் மொக்கைச்சாமி. அவளுடைய அப்பா.

எனக்குக் கையிலிருந்த அட்டை நழுவிவிட்டது. அக்கா சாதாரணமாக "வாங்கண்ணே, பூ போட்டுட்டு வாரீகளா?" என்றார். பூ மார்க்கெட்டில் மல்லி இறக்கிவிட்டு வந்த வாசம் அவர் மேல் இருந்தது. காலிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். உட்கார்ந்தார். எழுந்தார். என்னைப் பார்த்தார்.

"இவ நம்ம வீட்டுப் பொண்ணுதாண்ணே. சொல்லுங்க. ஊர்ல பாதிப் பேர இவளுக்குத் தெரியாது, யார்ட்ட போய்ச் சொல்லப் போறா."

"அந்த பிளக்ஸ்..." அவர் குரல் இறங்கிவிட்டது. "வேணாம் டெய்சிம்மா. அழிச்சிரு."

"என்னண்ணே?"

"அந்தப் பய நத்தம் ரோட்டுல வண்டியோட கவுந்து கிடந்தான். இது மொதத் தடவ இல்ல. பட்டப்பகல்ல, வாயத் தொறந்தா அம்புட்டு நாத்தம். தூக்கிட்டுப் போய் வீட்ல போட்டதே நாந்தான். அவன் அப்பன், எம் மச்சான், 'வயசுப் பய அப்படித்தான்'ங்குறாரு. அவரு வாயாலயே அதக் கேட்ட பொறவு எனக்கு மனசே வரல. காலையில போயி வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"அப்ப முடிஞ்சுதுல்ல."

"எங்க முடிஞ்சுது? பாப்பாகிட்ட யாரு சொல்றது? அது அவன் மேல ஆசையா இருக்கு. அவ ஆத்தா ராமுத்தாய், 'நீயே சொல்லு'ன்னு மூக்க உறிஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கா. நான் பஸ்ஸ விட்டு எறங்கி ரெண்டு டீ குடிச்சிட்டேன். இன்னும் வார்த்த வரல."

அக்காவின் கை மேசையில் அப்படியே நின்றது. திரையில் வரி மீன் ஒன்று திரும்பிப் போனது. அதற்குப் பின்னால் மகளின் மெயில். மெயிலுக்குப் பின்னால் அப்பாவின் பிளக்ஸ். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்கே தொண்டை வரை வந்துவிட்டது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் லேமினேஷன் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அதற்குள் தமிழ்மதி போட்டோவோடு வாசலில் நின்றாள்.

"ஏத்தா! நீ எங்க இங்க?"

"பிரெண்டுக்கு... ஜெராக்ஸ் எடுக்கப்பா. நீங்க?"

"நானா? பிளக்ஸ... சும்மா பாக்கலாம்னு."

பிளக்ஸ் என்றதும் அவள் முகம் வெளுத்தது. முகம் வெளுத்ததைப் பார்த்து அவர் முகம் வெளுத்தது. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில், நடுவில் காலிச் சாக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்து மீனைப் பார்த்தார்கள்.

"இது கெண்டையாத்தா?" என்றார் மொக்கைச்சாமி.

"தெரியலப்பா."

"கெண்டைக்கு இம்புட்டு வாலு வராது."

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அண்ணே, நீங்க சொன்ன வேலைய முடிச்சிருவோம்."

"ஐயோ, அது அப்பறமா..."

"அப்பறம்னா எனக்கு மறந்துரும்ணே."

திரையை ஓரமாகத் திருப்பி, பெஞ்சுக்குத் தெரியாதபடி முதுகால் மறைத்துக்கொண்டார். விரல்கள் ஓடின. மீன்கள் போய், தமிழ்மதியின் பாதி மெயில் பளிச்சென்று வந்தது. ஒரே தொடலில் அக்கா அதைக் கீழே அனுப்பினார். அது அவளுடையது, அவளாகச் சொன்னால் உண்டு. பிளக்ஸையும் மூடிவிட்டு, அது கிடந்த இடத்தைத் திறந்தார். பிறகு நாற்காலியோடு விலகி, திரையைப் பெஞ்சுப் பக்கம் முழுக்கத் திருப்பினார். அதற்கு முன் அந்தக் கடையில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

வரிசையாகக் கோப்புகள். ஒன்றின் பெயர் 'நிச்சயம்'. அதன் மேல் அம்பை வைத்து ஒரு கட்டையை அழுத்தினார். சின்னப் பெட்டி ஒன்று முளைத்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது.

"இது ஒரு சந்தேகப் பிராணிண்ணே. எதச் சொன்னாலும் திருப்பிக் கேக்கும்" என்றார் அக்கா. பிறகு அதைத் தமிழில் வாசித்தார். "நிச்சயத்த நிச்சயமா அழிச்சிரவான்னு கேக்குது. என்ன சொல்லட்டும்?"

மொக்கைச்சாமி மகளைப் பார்க்கவில்லை. சாக்கைப் பார்த்தார்.

"அழிக்கவா?" தமிழ்மதி எழுந்துவிட்டாள். "எதுக்குப்பா அழிக்கணும்?"

"தாயி... அந்தப் பய குடிக்கிறான் தாயி. நான் போயி வேணாம்னு சொல்லிட்டேன். நீ அழுதாலும் பரவாயில்ல, நான் ஒத்துக்க மாட்டேன்."

அவள் அழுதாள். அழுதுகொண்டே சிரித்ததுதான் அவருக்குப் புரியவில்லை. "ஏம்மா, இது அழுகுதா சிரிக்குதா?" என்று என்னைக் கேட்டார்.

"நான் எப்பப்பா அவன் மேல ஆசப்பட்டேன்?"

"அவன் வந்தா நீதான காபி போட்டுக் குடுப்ப?"

"வீட்டுக்கு வந்தவனுக்குக் காபி குடுக்காம கொழம்ப எடுத்து மூஞ்சில ஊத்தச் சொல்றீகளா? நீங்க வாக்குக் குடுத்துட்டீகளேன்னு நான் வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன்!"

"நீ ஆசப்பட்டயேன்னுதான நான் வாக்கே குடுத்தேன்!"

அக்கா கம்ப்யூட்டரைக் காட்டினார். "அது இன்னும் பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்கு."

தமிழ்மதி குனிந்து, அக்கா காட்டிய கட்டையை அவளே அழுத்தினாள். 'நிச்சயம்' மறைந்தது.

"போயிருச்சா?" என்றார் மொக்கைச்சாமி. "திரும்ப வந்துராதே?"

"குப்பைத்தொட்டிக்குள்ள கெடக்கும்ணே."

"அதையும் கொட்டிருங்கக்கா" என்றாள் தமிழ்மதி. அக்கா கொட்டினார். காகிதம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மொக்கைச்சாமிக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடித்துவிட்டது. தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். மார்க்கெட்டில் தலைச்சுமை இறக்கி வைத்தவர் விடுவது போல ஒரு பெருமூச்சு விட்டார். "மச்சான் ஒரு மாசத்துக்கு ஏசுவாரு" என்றார். "ஏசிட்டுப் போகட்டும்."

அக்கா திரையைப் பழையபடி திருப்பினார். தமிழ்மதி அவரைப் பார்த்தாள். அக்கா கண்ஜாடைகூடக் காட்டவில்லை. பிரிண்டரில் காகிதம் அடுக்கத் தொடங்கினார். அவளே அப்பா பக்கத்தில் போய், சாக்கை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். வேலை கிடைத்ததையும், மெயில் பாதியில் நிற்பதையும், ஜெராக்ஸ் என்று சொன்னது பொய் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அவர் முகத்தைத் திருப்பி வாசலைப் பார்த்தார். கோபமோ என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் கையை மோவாயில் வைத்து எதையோ கணக்குப் போடுகிறவர் போல இருந்தார்.

"எங்க சொன்ன? ஓசூரா?"

"ஆமாப்பா."

"ஆஸ்பத்திரிலயே தங்குற எடம் இருக்குமா?"

"பொம்பளப் பிள்ளைகளுக்குத் தனியா இருக்காம்."

"அந்தப் பக்கம்தான ரோசாப்பூ நெறைய வெளையும்?" என்றார். "நம்ம மார்க்கெட்டுல பேசிக்கிடுவாங்க. எப்பவும் சில்லுன்னு இருக்குமாமே."

"இருக்கும்ப்பா."

அக்கா மெயிலை மறுபடி மேலே கொண்டுவந்து போட்டோவைச் சேர்த்தார். தமிழ்மதி ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள். மொக்கைச்சாமி சாக்கை உதறி மடித்து எழுந்து, வாசல் வரை போய், திரும்பி அக்காவிடம் கேட்டார்.

"டெய்சிம்மா, இங்கன சுவெட்டரு எந்தக் கடையில நல்லா இருக்கும்?"