பிஸ்கட் டின் கப்பல்

என் தம்பி ஹெலிகாப்டர் ஓட்டுகிறான் என்று எங்கள் ஊர் சிலிபினில் நான் சொல்லாத வீடு கிடையாது. எண்பதுகளின் கடைசியில் அவனைக் கடற்படைக் கப்பல் வேலைக்கு மாற்றினார்கள். ஓடுகிற கப்பலின் பின்பக்கம் ஒரு மேடை இருக்கும். அதில் ஹெலிகாப்டரை இறக்க வேண்டும். முதல் சோதனையில் தொப்பென்று விழுகிற மாதிரி இறக்கியிருக்கிறான். கை நடுங்குகிறது என்று சொல்லிவிட்டார் மேலதிகாரி. அடுத்த முறையும் இப்படியானால் பறப்பதை மறந்துவிட்டு மேசை வேலைக்குப் போக வேண்டியதுதான்.

லீவில் வந்தவன் சோற்றில் கை வைத்தபடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். 

“கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் எறக்குறேன் அக்கா. கப்பல்கிட்ட போனாதான் சூசாவா இருக்கு, ரொம்ப கஷ்டப்படுறேன். கையிலதான் கோளாறு.”

அவர்கள் பயிற்சி எடுக்கும் கணினியில் காற்று எப்போதும் ஒரே சீராக வீசுமாம். கப்பலில் மோதிய காற்று எப்படித் திரும்புகிறது என்று ஹெலிகாப்டர் நகர நகரக் கணக்குப் போட்டுக் காட்ட அந்தக் காலத்து மெஷினால் முடியாது. அது கணக்கை முடிப்பதற்குள் என் தம்பி கடலுக்குள் மீனோடு இருப்பான்.

என் வீட்டுக்காரருக்குப் பக்கத்து ஊர் ஜெலாப்பாங்கில் ஏர்கான் குழாய் பொருத்தும் வேலை. உலகத்துக் காற்றெல்லாம் தன்னைக் கேட்டுத்தான் வீசுகிறது என்று நினைப்பு. “கப்பல் எப்பிடி இருக்கும், சொல்லு மச்சான்” என்றார். மேடைக்கு முன்னால் ஹெலிகாப்டரை நிறுத்தும் கொட்டகை சுவர் மாதிரி நிற்கும் என்றான் தம்பி. உடனே என் சப்பாத்திப் பலகை மேடையானது. நான் முறுக்கு வைத்திருந்த பிஸ்கட் டின் கொட்டகையானது. முறுக்கை எங்கே கொட்டுவது என்று யாரும் கேட்கவில்லை. காற்றுக்கு மேசை விசிறி. அன்று வெள்ளிக்கிழமை, ஆகவே புகைக்குச் சாம்பிராணி. அதை ஊத நான்.

வீட்டில் எந்தப் புதுச் சாமானுக்கும் பொட்டு வைக்காமல் நான் கை வைக்க மாட்டேன். பழக்க தோஷம், கப்பலுக்கும் குங்குமம் வைத்துவிட்டேன். அதுதான் வினை. புகையைப் பார்த்து எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, குங்குமத்தைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஓடிப்போய் வாழைப்பழம் கொண்டுவந்து பலகையில் வைத்தார். சரியாக ஹெலிகாப்டர் இறங்குகிற இடத்தில்.

“கப்பல்ல எங்கக்கா வாழப்பழம் இருக்கு?” என்றார் என் வீட்டுக்காரர்.

“சாமிக்கு வச்சத எடுக்கக் கூடாது லா.”

வேறு வழி? பிஸ்கட் டின்னுக்குச் சூடம் காட்டிப் பூசையை முடித்து, ஆளுக்கொரு பழத்தைப் பிரசாதமாகத் தின்று மேடையைக் காலி செய்தோம்.

பிறகு தம்பி ஈர்க்குச்சி நுனியில் நூல் கட்டி, பஞ்சைத் தொங்கவிட்டு, அதுதான் ஹெலிகாப்டர் என்று பின்பக்கமிருந்து மெல்லக் கொண்டுவந்தான். நான் ஊதினேன். டின்னுக்கு மேலே ஏறிய புகை, தாண்டியதும் நேராகப் போகவில்லை. குப்புற விழுந்து, சுருண்டு, டின்னை நோக்கியே திரும்பியது. விசிறிக் காற்றில் பறந்துகொண்டிருந்த பஞ்சு அங்கே வந்ததும் சட்டென்று கீழே சரிந்து டின்னோடு ஒட்டியது. மறுபடி கொண்டுவந்தான். மறுபடியும் அதே இடம். என் வீட்டுக்காரர் குச்சியை வாங்கிக்கொண்டார். அவருக்கும் சரிந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தோம். சாமி கும்பிட்ட கைக்கும் அதே கதிதான்.

“கோளாறு என் கையில இல்லக்கா” என்றான் தம்பி. சாம்பிராணிப் புகை என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் கண்ணைத் துடைத்தோம்.

அடுத்த சோதனையில் அந்த இடம் வருவதற்கு முன்பே இயந்திரத்தின் விசையைக் கூட்டி, காற்று அமுக்கியபோதும் பதமாக இறக்கிவிட்டான். வீட்டுக்கு வந்ததும், கை குலுக்க நின்ற என் வீட்டுக்காரரையும் ஆரத்தித் தட்டோடு நின்ற என்னையும் தாண்டி நேரே அடுப்படிக்குப் போய், பிஸ்கட் டின்னுக்கு முன்னால் தேங்காய் உடைத்தான். மூச்சு முட்ட ஊதியவள் நான், தேங்காய் டின்னுக்கு.

எரிச்சலோடுதான் சோறு போட்டேன். பேசிக்கொண்டே பிசைந்து சாப்பிட்டான், மறுசோறும் கேட்டான். கையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.