ஹியூபேட் நிறுத்திய மைக்

என் தம்பி ஹியூபேட் சவுந்தரநாயகம் சிறுவயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தை வென்றான். இடது கால் மட்டும் இழுத்தது. படியேற முடியாதவனுக்கு இடமில்லை என்று பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பியும், பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பூட்டித் தொழில் பழகி, கொட்டாஞ்சேனையில் சொந்தமாக மைக் செட் வைத்தான். நொண்டிக்குப் பெண் கிடையாது என்று சொன்ன வீட்டிலிருந்தே மாக்ரெட்டைக் கட்டினான். கடைசியாக, வக்கீல் தொழில் பார்த்த புரொக்டர் ஞானசம்பந்தத்தை வென்றான். அதற்கு அவனுடைய இரண்டு கைகளும் செலவாயின.

திருவிழா, கலியாணம், தேர்தல் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவனுடைய மைக் வாடகைக்குப் போகும். ஒரு தேர்தலில் எவனோ ஒருவன் அந்த மைக்கில் நின்று, எதிர்த்துப் போட்டியிட்டவரின் மகளைப் பற்றிக் கேவலமாகப் பேசினான். அந்தக் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு தெஹிவளைக்குப் போய்விட்டது. பிள்ளை அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை.

“சொன்னது அவன். நாலு சந்திக்குக் கேக்க வைச்சது நான்,” என்றான் ஹியூபேட்.

அன்றிலிருந்து, அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடுவான்: “எதிராளியை என்னவும் கேளுங்கோ. வீட்டுப் பொம்பிளையளை இழுத்தா மைக் நிக்கும்.”

“இதென்ன தம்பி, ஞானோபதேச வகுப்பா?” என்று சிரித்தார்கள்.

1965இல் எங்கள் வட்டாரத்தில் புரொக்டர் ஞானசம்பந்தம் தேர்தலுக்கு நின்றார். ஜிந்துப்பிட்டிக் கூட்டத்தில் எதிராளியின் தாயைப் பற்றித் தொடங்கினார். மைக் நின்றது. சனம் அவரைப் பார்த்துச் சிரித்தது.

கடைசிக் கூட்டத்துக்கும் அவர் ஹியூபேட்டின் மைக்கையே கேட்டு ஆள் அனுப்பினார்.

“போகாதே. அந்த மனுசன் வேறெதுக்கோ கூப்பிடுறான்,” என்றேன்.

“சட்டத்துக்கு ஓமெண்டுதானே அட்வான்ஸ் தந்தவர். எப்படி அக்கா போகாம விடுறது?”

நானும் மாக்ரெட்டும் அம்பிளிஃபையருக்குப் பக்கத்தில் நின்றோம். புரொக்டர் எதிராளியின் பெயரையே எடுக்கவில்லை.

“எனக்கு மரியாதை படிப்பிக்க ஒரு மாஸ்டர் வந்திருக்கிறார். எழும்பி முகத்தைக் காட்டுங்கோ மாஸ்டர். அவசரமில்லை, கால் வந்து சேர நேரமெடுக்கும்.” காலை இழுத்து மேடையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்து காட்டினார். “பேர் எழுதத் தெரியாது, கைநாட்டு. நான் எதைக் கதைக்கலாமெண்டு அவர்தான் சொல்லுவார்.”

“நிப்பாட்டுங்கோ,” என்றாள் மாக்ரெட்.

“என்னைத்தானே சொல்றார். நான் இங்க இருக்கிறன்தானே.” ஒலிபெருக்கி ஒன்று கரகரத்தது. அதையும் சரிசெய்து, புரொக்டரின் குரல் தெளிவாகக் கேட்கும்படி விட்டான்.

“இவர் ஊருக்கு மைக் கட்டப் போற ராவில, மாக்ரெட் அம்மையார் ஹாபர்ல கப்பல்காரரோட—”

மைக் நின்றது. மிச்சத்தைப் புரொக்டர் மைக் இல்லாமலே சொல்லி முடித்தார். முன்வரிசை சிரித்தது.

பின்னால் நின்ற புரொக்டரின் ஆட்கள் என் தம்பியை இழுத்துப்போய், அவன் கைகள் இரண்டையும் சீமெந்துப் படியில் விரித்துப் பிடித்தார்கள். அவனுடைய அம்பிளிஃபையரையே தூக்கி மேலே போட்டார்கள். பிறகு இன்னொரு தடவை போட்டார்கள். “இனித் திருகு, பாப்பம்,” என்றான் ஒருவன். புரொக்டர் என் தம்பியைச் சுற்றி நடந்து காரில் ஏறினார்.

கூட்டம் நிறைந்து நின்ற இடம். பொலிஸ் கேட்டபோது ஒருவரும் பார்த்திருக்கவில்லை. புரொக்டர் தேர்தலில் வென்றார்.

ஆஸ்பத்திரிக்கு அவருடைய அலுவலகக் கிளாக்கர் கைநாட்டு மைப்பெட்டியோடு வந்தார். அம்பிளிஃபையர் தானாக விழுந்தது என்று ஒரு கடதாசி. கைநாட்டு வைத்தால் புது அம்பிளிஃபையர் வரும். கட்டுப் போட்ட கைகளைப் பார்த்துவிட்டு, போர்வையின் கால்பக்கத்தைத் தூக்கினார். “கால் விரலெண்டாலும் ஐயா ஏற்றுக்கொள்ளுவார்.”

“அது இழுக்கிற கால் தம்பி,” என்றான் ஹியூபேட். “உங்கட பக்கம் வராது.”

கிளாக்கர் போன பிறகு ஸஹாப்தீன் வந்தார். மெசெஞ்சர் வீதியில் மைக் வைத்திருந்தவர். தொழிலில் இவனுக்குப் போட்டி. கைகளை வெகுநேரம் பார்த்தார். “என்ட மைக்கும் இனி உன்ட சட்டத்துக்குத்தான் மச்சான்.” கொட்டாஞ்சேனையில் மைக் வைத்திருந்த மற்றவர்களிடமும் அவரே போய்ப் பேசினார்.

வலது கைப் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். இடது பெருவிரலின் நுனி நசுங்கித் தழும்பாகிவிட்டது. கைநாட்டுக்கும் வழியில்லை. மடங்காத இரண்டு விரல்களுக்கு நடுவே பென்சிலைச் செருகி, பழைய பத்திரிகை ஓரங்களில் மாக்ரெட் எழுதிக் கொடுத்த தன் பெயரைப் பார்த்துப் பார்த்து எழுதினான். ‘ஹி’ என்ற எழுத்து அவனைப் பாடாய்ப் படுத்தியது. விரலில் இரத்தம் வந்தால் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவான்.

அடுத்த தேர்தல் வந்தது. எவருடைய வீட்டுப் பெண்களையும் மேடைக்கு இழுப்பதில்லை என்று வேட்பாளர்கள் ஒப்பமிட வேண்டும், இல்லாவிட்டால் மைக் இல்லை என்றார்கள் மைக்காரர்கள். புரொக்டர் வெளியூர் மைக் எடுக்க நுகேகொடைக்கு ஆள் அனுப்பினார். ஸஹாப்தீன் அங்கேயும் சொல்லி வைத்திருந்தார்.

புரொக்டர் எல்லாருக்கும் கடைசியாகக் கோயில் மண்டபத்துக்கு வந்து, இங்கிலீசில் ஒப்பமிட்டார்.

“மைக்காரர் பக்கத்திலயும் ஒருத்தர் ஒப்பம் வைக்கவேணுமாமே. மைப்பெட்டி எடுப்பிக்கட்டா ஹியூபேட்?”

“பேனையைத் தாங்கோ ஐயா, அதுவே காணும்.”

புரொக்டர் பேனையைக் கொடுத்தார். அதைத் திரும்ப வாங்குவதற்காக, மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். என் தம்பி அவசரப்படவில்லை. அவருடைய ஒப்பத்துக்குக் கீழே, எழுத்தெழுத்தாக, ஹியூபேட் சவுந்தரநாயகம் என்று எழுதி முடித்தான். மாக்ரெட் பேனையை வாங்கி, அந்தப் பெயருக்குப் பக்கத்தில் திகதி போட்டாள்: 1969 மார்ச் 16.