வீடு வீடாகப் போன திருத்தம்

ஜெரினா அக்காவுக்கு முப்பத்தொரு வயது. வண்ணாரப்பேட்டையில் ஒரு ரெடிமேட் கடையில் பில் போடுகிறார். அதற்கு முன் நான்கு வருடம் டிவி நிருபராக இருந்தார். கடலில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் அழுகை போதவில்லை, மறுபடி எடுத்து வா என்று மேலிடத்தில் சொன்னபோது, மைக்கை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டையார்பேட்டை மாடி அறை ஒன்றில் எங்கள் ஆறு பேருக்குச் செய்தி எழுதக் கற்றுத் தருகிறார். எங்கள் வட்டாரச் செய்திகளுக்கு ஒரு சின்ன சேனலும் உண்டு. அக்கா வைத்த விதி ஒன்றுதான்: யாரைப் பற்றிய செய்தியோ, அவர்களிடம் கேட்காமல் வெளியிடக் கூடாது.

அந்த விதியை மீறியவள் நான். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் கால் தரிக்காமல் சுற்றிக்கொண்டிருந்த நாட்கள். முகத்துவாரக்குப்பம் மணலில் பொடி மீன்கள் செத்துக் குவியலாகக் கிடப்பதைப் பார்த்தேன். அந்தப் பக்கத்து ஆற்றில் ஆலை எண்ணெய் மிதந்த வருடத்தை நாங்கள் யாரும் மறக்கவில்லை. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ‘ஆலைக் கழிவால் செத்த மீன்களா?’ என்று தலைப்புப் போட்டு வீடியோவை அக்காவுக்கு அனுப்பினேன். கடையில் கூட்டம். யாரிடம் கேட்டாய் என்று கேட்காமல் அவரும் சரி என்றுவிட்டார்.

வலையில் சிக்கும் உதவாத பொடி மீனைக் கோழித் தீவனத்துக்காக மணலில் காயப்போடுவார்கள். குப்பத்தில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் இது தெரியும். வண்ணாரப்பேட்டைக்காரர்களான எங்கள் இருவருக்கும், மூன்றாம் நாள் குப்பத்துக்காரர் ஒருவர் வீடியோவின் கீழே எழுதும்வரை தெரியவில்லை.

நான்காம் நாள் கன்னியம்மா மாடியேறி வந்தார். அந்தக் குப்பத்திலிருந்து மணலி புதுநகருக்குக் கூடையில் மீன் கொண்டுபோய் விற்பவர். வாடிக்கை வீடுகள் அத்தனையும் எங்கள் வீடியோவைப் பார்த்திருந்தன. மூன்று நாளாக யாரும் மீன் வாங்கவில்லை. வீடியோவை நேற்றே நீக்கிவிட்டோம் என்று நான் அவசரமாகச் சொன்னேன்.

“போன்ல போட்டத போன்ல அழிச்சிட்ட. பாத்தவங்க மனசுல கீதே, அத்த யாரு அழிக்கிறது?” என்றார் கன்னியம்மா.

அக்கா எழுந்து அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, “நாளைக்கு உங்ககூட நானே வர்றேன்க்கா,” என்றார்.

கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார். நானும் போனேன். ஒவ்வொரு வாசலிலும் அவரே பேசினார். நாங்கள் போட்டது தவறு, விசாரிக்காமல் போட்டோம், அந்த மீன் கோழித் தீவனத்துக்காகக் காய்ந்தது என்று பொறுமையாகச் சொன்னார். என் பெயரை எங்கேயும் சொல்லவில்லை. சிலர் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டம்மாவுக்கு அக்காவைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது.

“இவங்க யாரு கன்னியம்மா, சாட்சிக்கா?”

“நூஸு போட்ட பொண்ணு, மே. தப்பா போட்டுட்டேன்னு சொல்ல வந்துகீது.”

அந்த அம்மா ஒரு சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார், வாங்கிக்கொண்டார். கன்னியம்மா அதுவரை முகத்தை இறுக்கமாகவே வைத்திருந்தார். இப்போதுதான் தலைச் சும்மாட்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

கடைசித் தெருவில் அக்காவின் தொண்டை கட்டிவிட்டது. கதவு திறந்ததும் அவர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. நான் முன்னால் போனேன்.

“வீடியோ எடுத்தது நான்தாங்க. அது செத்து ஒதுங்குன மீன் இல்ல,” என்றேன். மீதியையும் சொன்னேன். அந்த வீட்டில் இன்றைக்குச் சமையல் முடிந்துவிட்டதாம். “நாளைக்கு நெத்திலி இருந்தா எடுத்துட்டு வா கன்னியம்மா,” என்றார்கள்.

பஸ் நிறுத்தத்தில் கூடை பாதி காலியாக இருந்தது. கன்னியம்மா என் போனை வாங்கித் தன் நம்பரை அவரே அழுத்தினார்; பெயரை நான் போட்டேன்.

“மணல்ல எதனா பாத்தீன்னா மொதல்ல என்னாண்ட கேளு. அப்பால போடு.”

அக்காவுக்குக் குரல் இல்லை. என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்து, பெயர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டார்.