பெட்ரோலை வாயால் உறிஞ்சியவர்

வடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், சேத்தியாத்தோப்பில் டீ குடிக்க நிறுத்தினோம். மறுபடி சாவியைத் திருப்பியதும் எங்கள் பழைய காருக்குள் குப்பென்று பெட்ரோல் நாற்றம். கர்ப்பமாக இருந்த என் மனைவி இறங்கி ஓடி வாந்தி எடுத்தாள்.

எதிர் பட்டறையிலிருந்து மெக்கானிக் வந்தார். ஒல்லியான ஆள். உதடுகள் வெடித்து வெளுத்திருந்தன. பானெட்டைத் திறந்து என்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார்.

"பெட்ரோல் வர்ற ஓஸ் பைப்பு வெடிச்சிருக்கு சார். ஸ்டார்ட் பண்றப்பல்லாம் இன்ஜின் மேல ஊத்துது. பத்திக்காம இருந்ததே பெருசு."

அதைக் கழற்றிவிட்டு, அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க பெட்ரோல் பைப்பில் வாய் வைத்து உறிஞ்சி, என் செருப்பருகே துப்பினார். மறுபடி உறிஞ்சினார், துப்பினார்.

"ஏங்க, உள்ள போயிடாதா?"

"போனா போவட்டும் சார். அன்னிக்கி சோறு எறங்காது, அவ்ளோதான்" என்று சிரித்தபடி ஏப்பம் விட்டார். அதிலும் பெட்ரோல்.

புது ஓஸ் மாட்டியதும் நாற்றம் அடியோடு நின்றுவிட்டது. மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கொப்பளிப்பார் என்று நினைத்தேன். அவரோ வாய் வைத்துக் கடகடவென்று குடித்துவிட்டு, மீதியைப் பத்திரமாக மூடித் திருப்பித் தந்தார்.

அவரால்தான் உயிர் தப்பினோம் என்று தெரிந்தும், சிதம்பரம் போய்ச் சேரும்வரை அந்தத் தண்ணீரை நாங்கள் இருவருமே தொடவில்லை.