பேராசிரியர் அகலப்படுத்திய ஒழுங்கை

சட்டம் படிப்பித்த காலத்தில் அருட்செல்வனை யாரும் இடைமறித்ததில்லை. அவர் வாய் திறந்தால் பின்வரிசைப் பொடியன்களும் எழுதத் தொடங்குவார்கள். அரசியலுக்கு வந்த பிறகு ஒரு வசனத்தை முழுதாக முடிக்க அவருக்கு வாய்க்கவேயில்லை.

மாகாணசபைத் தேர்தலுக்கு ஆள் தேடி வந்த கட்சிக்காரர், "படிச்ச ஆக்கள் ஒதுங்கி நிண்டால் சனத்துக்கு ஆர் சேர் இருக்கினம்?" என்று கேட்டார்கள். அவர் அதை நம்பினார். பல்கலைக்கழகத்திலிருந்து விலகி, வீடு வீடாகப் போய்க் கும்பிட்டு, வென்றும் விட்டார். மறுநாள் விடிய முற்றம் நிறையச் சனம். ஒருத்தருக்கு மகளின் இடமாற்றம், இன்னொருத்தருக்குப் பக்கத்து வளவு மாமரத்தின் கொப்பு. மாகாணசபைக்கு எந்த அதிகாரம் உண்டு, எது இல்லை என்று பொறுமையாக விளக்குவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது சரி சேர், ஒரு போன் கோல் எடுத்துச் சொல்லிவிடுங்கோவன்" என்பார்கள்.

இரவிரவாக இருந்து ஒரு நியதிச்சட்டம் வரைந்தார். சபையில் கைதட்டினார்கள். அது ஆளுநரின் ஒப்புதலுக்கென்று மேலே போனது. போன இடத்திலேயே குடியிருந்துவிட்டது.

அதையும் பொறுத்துக்கொண்டார். அவரால் பொறுக்க முடியாமல் போனது சண்டிலிப்பாயில் அவருடைய சொந்த வீட்டு ஒழுங்கை.

வேலிகளுக்கு நடுவே ஒடுங்கி ஓடும் அந்தப் பாதையின் கடைசி வீட்டில் சிவக்கொழுந்து மாமி இருந்தார். சிறுநீரகம் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அம்புலன்ஸ் ஒழுங்கை வாசலோடு நின்றுவிடும், உள்ளே திரும்ப இடமில்லை. இந்த ஒழுங்கையை அகலமாக்கித் தார்க் காப்பெற் போட அருட்செல்வன் அலைந்து திரிந்து நிதி எடுத்தார். ஒரு நிபந்தனை இருந்தது: இரு பக்கத்தாரும் வேலியை ஒன்றரை அடி உள்ளே தள்ள வேண்டும். மார்கழி முடிவதற்குள் வேலை தொடங்காவிட்டால் காசு திரும்பிப் போய்விடும்.

வேறொரு அரசியல்வாதி என்றால் வாசிகசாலையில் ஆட்களைக் கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, மாமியின் பெயரைச் சொல்லி அழுதிருப்பான். அருட்செல்வன் பேராசிரியர். ஒழுங்கைக்காரரின் கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னார்:

"எல்லாரும் உங்கடை உங்கடை காணி உறுதியைக் கொண்டு வாங்கோ. நில அளவையாளர் வருவார். எல்லை எங்கை இருக்கெண்டு சட்டப்படி பார்த்துச் செய்வம்."

உறுதி, எல்லை, நில அளவையாளர். இந்த மூன்று சொல்லையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடாத ஊர் ஒன்று இருக்குமென்றால் அது இதுதான். கூட்டம் அமைதியாகக் கலைந்தது. சட்டம் புரிந்துவிட்டதென்று அவர் நினைத்தார்.

அடுத்த கிழமை லொறிகளில் கல்லும் மணலும் வந்து இறங்கின. அளக்க வரும்போது தென்னோலைக் கிடுகுவேலி நின்றால் தள்ளச் சொல்வார்கள், மதில் நின்றால் யார் தள்ளுவது? பிள்ளைகள் அனுப்பிய கனடாக் காசு, சுவிஸ் காசு எல்லாம் ஒழுங்கைக்குள் சீமெந்தாய் இறங்கியது. வேலிக்கு வெளியே ஒரு சாண் கூட்டியும் கட்டினார்கள்.

எதிர்வீட்டு அருளம்பலம் மேசனோடு நின்றார். அருட்செல்வன் அவரிடம் போனார்.

"என்ன அருளம்பலத்தார், நீங்களுமோ?"

"நான் என்ன செய்ய, புரொபெசர்? உங்கடை வீட்டிலையே கட்டுகினம்."

திரும்பிப் பார்த்தார். அவருடைய வளவு மூலையில் மூன்று வரி கல் ஏறியிருந்தது. மனைவி சுபாஜினி குடையோடு நின்று மேற்பார்வை செய்துகொண்டிருந்தார்.

"ஆரைக் கேட்டுக் கட்டிறீர்?"

"ஆரைக் கேக்கவேணும்? இது என்ரை சீதனக் காணி. அண்ணை காசு அனுப்பினவர். ஊரெல்லாம் மதில் கட்ட நான் மட்டும் கிடுகோடை நிக்கிறதோ?"

"எனக்கு வோட்டுப் போட்ட சனத்தின்ரை முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?"

"சனமோ? அங்கை பாருங்கோ உங்கடை சனத்தை. ஒவ்வொருத்தனும் மதிலுக்கு மட்டம் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான்."

மூன்று நாள் அந்த மதிலை இடிக்கவேண்டுமென்று அவர் வாதாடினார். நாலாம் நாள் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு சுபாஜினி சொன்னார்:

"இடியுங்கோ. மாமிக்காகத்தான். ஆனால் உங்களைப் பார்த்து ஒருத்தரும் இடிக்கமாட்டினம். அதையும் இப்பவே சொல்லிப்போட்டன்."

இடித்தார். வேலியையும் ஒன்றரை அடியல்ல, மூன்றடி உள்ளே தள்ளினார். ஊர் வந்து பார்த்தது. "மனுசன் எண்டால் இவர்தான்" என்று அருளம்பலம் எல்லாரும் கேட்கச் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் மதிலுக்குப் பூச்சு வேலை தொடங்கினார்.

மார்கழி முடிந்தது. காசு திரும்பிப் போனது. 'வாக்குறுதி என்னாச்சு?' என்று முகநூலில் ஒருவர் கேட்டிருந்தார். கேட்டவர் அதே ஒழுங்கையில் ஐந்தாவது மதிலுக்குச் சொந்தக்காரர்.

தைமாதத்தில் ஒரு காலை, கையில் பைலோடு சபைக்குப் புறப்பட்டுப் படலையைத் திறந்தபோது எதிரே ஒரு கதிரை வந்தது. பிளாஸ்டிக் கதிரை. அதில் சிவக்கொழுந்து மாமி, மடியில் ஆஸ்பத்திரிப் பை. நாலு பேர் தூக்கி வந்தார்கள். முன்னுக்கு அருளம்பலம், வேர்த்து விறுவிறுத்து. ஒவ்வொரு முறையும் இவர்கள்தான் தூக்குகிறார்கள் என்று சுபாஜினி சொல்லியிருக்கிறார். ஒருத்தரும் ஒருநாளும் சலித்ததில்லையாம்.

அருட்செல்வனுக்கு வாய்வரை வந்துவிட்டது. ஒன்றரை அடி தந்திருந்தால் இந்தச் சுமையே இல்லையே, மடையர்களே! அவர் வாயெடுப்பதற்குள், "சேர், கொஞ்சம் ஒதுங்குங்கோ, மதில் முட்டுது" என்றார் அருளம்பலம். முட்டியது அருளம்பலத்தின் மதில்தான்.

இடித்த இடத்துக்குள் அவர் ஒதுங்கினார். கதிரையும் அங்கேயே இறங்கியது. தூக்கியவர்கள் மூச்சு வாங்கினார்கள்.

மாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, அடுத்த எலக்சனும் கேக்கப் போறியோ?"

"இல்லை மாமி. எனக்கு இவ்வளவும் காணும்."

"அப்ப உந்த பைலை வீட்டிலை வைச்சிட்டு வா. பின்னுக்குப் பிடிக்கிறவனுக்கு இடுப்பு நாரி நோ."

அவர் பைலைச் சுபாஜினியிடம் கொடுத்துவிட்டு வந்து கதிரையின் பின்காலைப் பிடித்தார். மாமி அவர் நினைத்ததைவிடக் கனம்.

"சரிச்சுப் பிடியுங்கோ, புரொபெசர்," என்றார் அருளம்பலம். "நேரை கொண்டு போனால் போகாது."