இரண்டு குட்டை, ஒரு நெட்டை

நான் எலக்ட்ரீஷியன். கண்ணுக்குத் தெரியாத விஷயங்களில் கரண்ட் ஒன்றைத்தான் அதுவரை நம்பியிருந்தேன். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால், "முதல்ல எர்த் சரியா இருக்கான்னு பாருங்க" என்று கிண்டல் செய்கிற ஆள். அப்படிப்பட்ட எனக்கு, பட்டப்பகலில், கையில் டெஸ்டரோடு நின்றபோது நடந்தது இது. நான் கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் போலீஸ் ஸ்டேஷனில் கேட்டுப் பார்க்கலாம். அந்த மணி இப்போது அங்கேதான் இருக்கிறது.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் வந்தது.

"வீட்டுல பெல் தானா அடிக்குது. வந்து கழட்டிப் போட்டுட்டுப் போங்க."

ரிப்பேர் செய்யச் சொல்லவில்லை. கழற்றத்தான் சொன்னார். அப்போதே லேசாக உறுத்தியது.

நான் தட்டுவதற்குள் கதவு திறந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க மனிதர். பின்னால் அவர் மனைவி. டிவி தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி அலறிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்க்கிற மாதிரி தெரியவில்லை.

மணி ஹால் சுவரில் இருந்தது. வாசல் மணி இல்லை. அதன் வயர் சுவரோரமாகப் பின்னறைக்குப் போனது. படுக்கையில் கிடப்பவர்கள் ஆளைக் கூப்பிடுவதற்காக வைக்கிற மணி அது. நானே பல வீடுகளில் மாட்டியிருக்கிறேன்.

"யாருக்கு சார் இது?"

"அப்பாவுக்கு."

"உள்ளே இருக்காரா?"

"அக்கா வீட்டுக்குப் போயிருக்காரு."

"அப்போ யாரு அமுக்குறது?"

"அதைக் கண்டுபிடிக்க உங்களைக் கூப்பிடல. கழட்டுங்க."

அப்போது அது அடித்தது.

ட்ரிங். ட்ரிங். ட்ரீ...ங்.

இரண்டு குட்டை, ஒரு நெட்டை. கொஞ்சம் நின்று, மறுபடியும் அதே. கெட்டுப்போன மணி இப்படிக் கணக்காக அடிக்காது. விடாமல் அலறும், இல்லையென்றால் முனகும். இது பழகிய விரல் அமுக்குகிற மாதிரி இருந்தது. அந்தப் பெண் காதைப் பொத்திக்கொண்டு பின்னறைக் கதவைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

கதவில் புதுத் தாழ்ப்பாள். ஸ்க்ரூவின் பளபளப்புக்கூடப் போகவில்லை. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

ஏணியைப் போட்டு ஏறினேன். எங்கள் தொழிலில் ஒரு வசதி, மேலே ஏறிவிட்டால் வீட்டு லட்சணம் முழுசும் தெரியும். ஃப்ரிட்ஜ் மேல் தடிமனான மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் டம்ளரில் ஒரு பல்செட். மூலையில் ஊன்றுகோல். கண்ணாடி இல்லாமல், பல் இல்லாமல், கோல் இல்லாமல் ஒரு மனுஷன் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாராம்!

வயர் சுவருக்குள் நுழைகிற இடத்தைப் பார்க்கச் சுவரைத் தட்டினேன்.

"தட்டாதீங்க," பதறினார் அந்தப் பெண். "மாமா முழிச்சுடுவாங்க..."

சொன்னவுடன் வாயை மூடிக்கொண்டார். கணவர் முறைத்தார். டிவி அலறுகிற வீட்டில், ஊரில் இல்லாத மாமனார், நான் தட்டினால் முழித்துவிடுவாராம்.

மணியின் மூடியைத் திறந்தேன்.

வயர் அறுந்திருந்தது. தானாக அறுந்ததல்ல, யாரோ நறுக்கியது. முனைகளில் கறுப்பு டேப். அந்த டேப் காய்ந்து சுருங்கி, மேலே ஒட்டடை கெட்டியாகப் படிந்திருந்தது. டெஸ்டர் வைத்தேன். எரியவில்லை. மணிக்குக் கரண்ட் வர வழியே கிடையாது.

"யாரு சார் இதைக் கட் பண்ணது?"

"எனக்குத் தெரியாது." கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது.

ஸ்க்ரூவைக் கழற்றி மணியைக் கையில் எடுத்தேன். இப்போது அதில் வயரே இல்லை.

ட்ரிங்.

உள்ளங்கை அதிர்ந்தது.

ட்ரிங்.

மணி வெதுவெதுப்பாக இருந்தது...

ட்ரீ...ங்.

போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு பெரியவர் இருக்கிறார். நான் போய்விட்டால் அவரைக் கேட்க வேறு நாதி இல்லை.

"சார், உள்ளே லைன் லீக் ஆகுது. தரையெல்லாம் ஷாக் அடிக்கும். பார்க்காமப் போனா உங்க உயிருக்கு நான் பொறுப்பில்ல."

பச்சைப் பொய். மனிதர் சட்டென்று பின்வாங்கினார். தாழ்ப்பாளை நானே தள்ளினேன்.

இருட்டு. மூத்திர நாற்றம். ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள்.

கட்டிலில் பெரியவர். எலும்பும் தோலுமாக. உதடு வெடித்திருந்தது. ஒரு கையைக் கட்டில் சட்டத்தோடு துணியால் கட்டியிருந்தார்கள்.

மணியின் ஸ்விட்ச், அவருக்கு எட்டாத உயரத்தில், ஆணியில் சுற்றித் தொங்கியது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார்.

"ஆள் வந்தாச்சு பாரு. போதும்மா... விடு."

என் கையில் இருந்த மணி நின்றது.

அந்த அறையில் நின்றபடியே ஆம்புலன்ஸுக்கும் போலீஸுக்கும் போன் செய்தேன். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். மகள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். எப்போது போன் செய்தாலும் "அப்பா தூங்குறாரு" என்றே தம்பி சொல்லியிருக்கிறான்.

"எப்பப் பார்த்தாலும் ஒருத்தர் தூங்குவாரா? நான் நேர்ல வந்து பார்த்திருக்கணும்ண்ணா," என்று அழுதார்.

மணி எப்படி அடித்தது என்று கேட்டார். வாயால் அடித்துக் காட்டினேன். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அது அம்மா அடிக்கிற மாதிரி. அந்த மணியே அம்மாவுக்கு வச்சதுதான். அதே ரூம்லதான் படுத்த படுக்கையா இருந்தாங்க. போன வருஷம் தூக்கத்துலேயே போயிட்டாங்க."

கட்டிலில் இருந்த பெரியவர் கண்ணைத் திறந்தார். குரல் மெல்ல வந்தது.

"அன்னிக்கு ராத்திரி அவன் என்னை ஹால்ல படுக்கச் சொன்னான். மணி அடிச்சா எந்திரிச்சுப் போலாம்னு முழிச்சுக்கிட்டே கிடந்தேன். விடியுற வரைக்கும் அடிக்கவே இல்ல. இன்னிக்காவது நல்லாத் தூங்குறாளேன்னு சந்தோஷப்பட்டேன்."

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காய்ந்த டேப்பும் ஒட்டடையும் என் கண்முன் வந்து நின்றன. பெரியவரை அடைத்துவைத்தது போன மாதத்திலிருந்துதான் என்று மகன் போலீஸில் சொல்லியிருந்தான்.

அந்த வயரை நறுக்கி ஒரு வருஷமாவது இருக்கும்.