வயிற்றுக்கட்டை அவிழ்த்த ராசாத்தாள்

பொள்ளாச்சி ரோட்டில் கிணத்துக்கடவு தாண்டி, பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் வருகிற ஊர் அது. அங்கே ராசாத்தாள் சிரித்தால் அடுத்த தோப்பில் தேங்காய் உரிப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். சொந்தத் தோப்பு, சொந்தக் களம். ஆனாலும் ஆட்களோடு ஆளாக நின்று தேங்காய் உடைப்பாள், கொப்பரைக் கூடை சுமப்பாள். அப்படிப்பட்டவள் பேத்தி பிறந்து கொஞ்ச காலத்தில் சிரிப்பதையே விட்டுவிட்டாள்.

ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. மகளை ஈரோட்டில் வசதியான இடத்தில் கட்டிக்கொடுத்த தலைக்கனம் என்றார்கள் சிலர். கொழுந்தனாரின் மனைவி பழனாத்தாள் மட்டும் நேரிலேயே கேட்டாள்.

"ஏனக்கா, சிரிச்சா முத்து உதுந்துருமா? முந்தியெல்லாம் நீ சிரிக்கிற சத்தத்துக்குக் காக்கா பறந்து ஓடும். இப்பப் பாரு, அது பாட்டுக்கு உக்காந்து கொப்பரையைத் திங்குது."

களத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ராசாத்தாள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் போய்விட்டாள்.

அவளுடைய சங்கடம் வேறு. சிரித்தால், இருமினால், கூடையைத் தூக்கினால் சிறுநீர் சொட்டியது. நாலு பிள்ளை பெற்ற உடம்பு. உலகத்தில் தனக்கு மட்டும் வந்த கேடு என்று நினைத்து, புருசன் திருமலைசாமியிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை. பஸ் ஏறுகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டாள். முதல் பிரசவத்தில் மாமியார் இறுக்கிக் கட்டிவிட்ட வயிற்றுக்கட்டை, பழைய சேலைத்துணியை மாற்றி மாற்றி, இன்னும் கட்டிக்கொண்டிருந்தாள். சொட்டுவது கூடக்கூட, அதையும் இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள்.

துணி நனைவதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். நெஞ்சை அரித்தது ஒரு வேண்டுதல். மகள் கீதாவின் பிரசவம் சிக்கலானபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "மாரியாத்தா, ரெண்டு உசுரையும் குடுத்துப்போடு தாயே, உனக்குப் பூவோடு எடுக்கறேன்" என்று தீச்சட்டி நேர்ந்திருந்தாள். ஆத்தா கொடுத்துவிட்டாள். இவள்தான் இன்னும் எடுக்கவில்லை. ஆத்தாள் திருவிழாவான நோம்பி வரும்போதெல்லாம் கை வலி, கால் வலி என்று ஏதாவது சாக்கு.

பூவோடு எடுப்பவர்கள் குளித்து, மஞ்சள் சேலை ஈரம் சொட்டச் சொட்ட, வேப்பிலை மேல் நெருப்புச் சட்டியை ஏந்தி, கோயில் முன்னே நட்ட கம்பத்தைச் சுற்றி வருவார்கள். அத்தனை பேர் சேலையும் ஈரம், மிதிக்கிற மண்ணும் ஈரம். ராசாத்தாளுக்கு அங்கே என்ன ஆனாலும் ஊர் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. அவளுடைய பயமே அதுதான். ஊருக்குத் தெரியாது, ஆத்தாளுக்குத் தெரியும். அசுத்தத்தோடு அந்தக் கம்பத்தைச் சுற்றுவதா?

ஐப்பசி மழையில் அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார் திருமலைசாமி. லேடி டாக்டர் பார்த்துவிட்டு, ஆபரேசனெல்லாம் வேண்டாம், உடற்பயிற்சி அறைக்குப் போங்கள் என்று அனுப்பினார். அங்கே முக்காடு போட்ட ஒரு பெண் இருந்தாள். உம்மல் குல்சும் என்று பெயர். திருமலைசாமியை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏனுங்கம்மா, இருமுனா, சிரிச்சாத் துணி நனையுதுங்களா?"

ராசாத்தாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாமி வந்தவர்கள்தான் இப்படி உள்ளே இருப்பதைச் சொல்வார்கள். "உங்களுக்கு ஆருங்க சொன்னது?" என்றாள் மெல்ல.

"ஆரும் சொல்லலீங்க. இங்க வார பொம்பளைகள்ல பாதிப் பேருக்கு இருக்குது. ஒருத்தர்கிட்ட ஒருத்தர் சொல்றதில்லை, அவ்வளவுதான்." பேசிக்கொண்டே இடுப்பைத் தொட்டுப் பார்த்தவள் கையை எடுத்துக்கொண்டாள். "இதென்னங்க, கல்லாட்டம்?"

"வயித்துக்கட்டுங்க. பிள்ளை பெத்தப்ப கட்டுனது."

"பிள்ளைக்கு என்ன வயசாச்சு?"

"அவளுக்கே பிள்ளை இருக்குதுங்க."

உம்மல் குல்சும் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். ராசாத்தாளும் சிரிக்கப் போய், சட்டென்று கால்களை இடுக்கிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது.

"கொப்பரை மூட்டையை நடுவுல இறுக்குனா என்னாகும்? சரக்கு மேலயும் பிதுங்கும், கீழயும் எறங்கும். நீங்க இறுக்க இறுக்க எல்லாம் கீழதானுங்க அழுத்துது. கீழே தாங்கறதுக்கு ஒரு தசை இருக்குது. உங்க ஊட்டுல கயித்துக் கட்டில் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அது தொய்ஞ்சு போனா?"

"கால்மாட்டுக் கயித்தை இழுத்துக் கட்டுவமுங்க."

"அதேதான். முன்னால எலும்புலிருந்து பின்னால எலும்பு வரைக்கும் கட்டில் மாதிரி ஒரு சதை. கர்ப்பப்பை, மூத்திரப்பை எல்லாத்தையும் அதுதான் தாங்குது. தொய்ஞ்சிருக்குது, அவ்வளவுதான். கட்டில் கயித்தைக் கையால இழுக்கறோம். இதை நெனைப்பாலதான் இழுக்கோணும்."

மூத்திரத்தை அடக்குவதுபோல உள்ளே சுருக்கி மேலே தூக்கவேண்டும், கொஞ்சம் நிறுத்தி விடவேண்டும், மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. எடை தூக்கும்போது முதலில் உள்ளே சுருக்கி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்கவேண்டும். தண்ணீர் வேண்டிய மட்டும் குடிக்கவேண்டும். தொடை பலத்துக்கு ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்து எழவேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய ராசாத்தாள், கட்டை அவிழ்க்க மட்டும் யோசித்தாள். அவிழ்த்தால் உள்ளே இருப்பதெல்லாம் விழுந்துவிடும் என்று மெய்யாகவே நம்பியிருந்தாள். பிறகு பூவோட்டைப் பற்றியும் சொல்லிவிட்டாள்.

உம்மல் குல்சும் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "என்ற அம்மாவுக்கும் இப்படித்தானுங்க. ஒரு தொழுகைக்குப் பல தடவை கை கால் கழுவிட்டு வந்து நிப்பாங்க. மறுபடி இருமல் வரும், மறுபடி போவாங்க. உங்க சங்கடம் எனக்குத் தெரியும். நோம்பி எப்பங்க?"

"மாசியிலங்க."

"அதுக்குள்ள எழுப்பிரலாம். அந்தச் சதை தூங்கிட்டுத்தான் இருக்குது."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது ராசாத்தாள் மடியைப் பிடித்தபடியே வந்தாள். கட்டு இல்லை; அங்கேயே அவிழ்த்துப் பையில் போட்டிருந்தாள். ஒன்றும் விழவில்லை.

ஆனால் சொன்னதைச் செய்தால் ஒன்றும் நடக்கவும் இல்லை. அடிவயிற்றைச் சுருக்கினாள், தொடையை இறுக்கினாள், பல்லைக் கடித்தாள். உள்ளே அந்தத் தசை மட்டும் எங்கே என்றே தெரியவில்லை. அவள் பல்லைக் கடிப்பதைப் பார்த்து, பல்லு வலி என்று நினைத்துக் கிராம்பு வைக்கச் சொன்னாள் பழனாத்தாள். அடுத்த முறை போனபோது உம்மல் குல்சும், "மூஞ்சியில ஒண்ணும் தெரியக் கூடாதுங்க. பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சா நீங்க வேற எதையோ இறுக்கறீங்கன்னு அர்த்தம்" என்றாள்.

கார்த்திகை கழியும்போது ஒரு காலை, படுத்தபடி முருகன் பேரை உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு, முகத்தைத் தளர விட்டு, மெல்லச் சுருக்கினாள். ஏதோ எழுந்தது. கிணற்றின் ஆழத்தில் வாளி தண்ணீரை மொண்டு மேலே கிளம்புமே, அப்படி. விட்டாள், இறங்கியது. மறுபடி கூப்பிட்டாள், மறுபடி எழுந்தது.

ராசாத்தாள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நாலு பிள்ளைகளின் பாரத்தையும், சுமந்த அத்தனை கூடைகளின் பாரத்தையும் தாங்கிய ஒன்று, இத்தனை காலம் தன் உள்ளேயே இருந்திருக்கிறது. ஒரு நாளாவது அதற்கு நன்றி சொன்னோமா? கோயில் கோயிலாகப் போய்க் கும்பிட்டவள், ஆண்டவன் தனக்குள்ளே கட்டிவைத்த இந்தக் கட்டிலை அறியாமலே இருந்துவிட்டோமே என்று கண் கலங்கினாள். கிழக்கே பார்த்துக் கை கூப்பினாள்.

"காப்பித் தண்ணி இல்லாமக் கும்பிட்டா சாமி கேக்குமா?" என்றார் திருமலைசாமி வாசலிலிருந்து.

"கேட்டுப்போட்டுது, போங்க" என்றாள்.

அதன்பிறகு களத்தில் கூடையைத் தொடும்போதெல்லாம் முதலில் உள்ளே இருப்பவளைக் கூப்பிட்டாள். பிறகு மூச்சை விட்டுக்கொண்டே தூக்கினாள். சில நாள் சொட்டியது, சில நாள் இல்லை. தை மாதத்தில் சளி பிடித்து இருமியபோது எல்லாம் பழையபடி ஆகி, அழுதாள். ஆனாலும் விடவில்லை.

மாசியில் நோம்பி சாட்டினார்கள். பூவோட்டன்று காலை குளித்து, மஞ்சள் சேலையை ஈரத்தோடு சுற்றினாள். உள்ளே மடித்து வைத்துக்கொள்ளத் துணி ஒன்றை எடுத்தவள், சற்று நின்று, கொடியிலேயே போட்டுவிட்டாள். ஏதாவது ஆனால் சட்டியை ஓரமாக இறக்கிவிட்டு, ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்டு வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

தப்பட்டை முழங்கியது. கையில் நெருப்பு. கம்பத்தைச் சுற்றும்போது காற்று திரும்பி, புகை நேராக முகத்தில் அடித்தது. தொண்டை கமறியது. வாயைப் பொத்தக் கை இல்லை. இருமல் நெஞ்சிலிருந்து ஏறி வருவது தெரிந்தது. அம்மா, என்று நினைக்கத்தான் நேரம் இருந்தது.

இருமினாள். அதற்கு ஒரு கண் இமைப்புக்கு முன்னால், அவள் கூப்பிடாமலே, உள்ளே அது எழுந்து நின்றுகொண்டது. மறுபடி இருமினாள். மறுபடி நின்றது. சேலை முழுக்கக் கிணற்றுத் தண்ணீரில் குளிர்ந்து கிடந்தது. சொட்டினால் அந்தக் குளிரில் சூடு தெரிந்திருக்கும். ஒரு துளி சூடு இல்லை.

நெருப்பு கையில் அசையாமல் எரிந்தது. புகையினாலா வேறெதனாலா என்று தெரியாமல் கண்ணீர் வழிய, ராசாத்தாள் சுற்றி முடித்து, ஆத்தாள் முன்னே பூவோட்டை இறக்கி வைத்தாள்.

வீடு திரும்பும் வழியில் பழனாத்தாள் ஒட்டி நடந்தாள். கையைக் கிள்ளினாள். "கோயமுத்தூருக்கு என்னத்துக்குப் போனேன்னு எனக்குத் தெரியும். நேத்து உன்ற ஊட்டுக்காரரு கேக்க, நீயே அவருகிட்டச் சொன்னதைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டுப்போட்டேன்."

"ஒட்டுக் கேக்கறதுக்கு உனக்கு வெக்கமா இல்லை?"

"இல்லை. எனக்கும்தானக்கா." பழனாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். "தும்முனா."

காக்கா பறந்த கதை பேசியவளா இது? ராசாத்தாளுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கி வந்தது. வழியோரம் நின்று, ரொம்ப நாளைக்குப் பிறகு, வாயைப் பொத்தாமல் சிரித்தாள். பிறகு ஓரகத்தியின் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். கல்லாட்டம் இருந்தது.

"மொதல்ல இந்தக் கட்டை அவுத்துப்போடு, அம்மணி."

"அவுத்தா எல்லாம் உழுந்துராதா?"

"உழுகாது. உள்ளே ஆளு இருக்குது" என்றாள் ராசாத்தாள்.